மதகு கீழே இருக்கிறது: நீர்த்தேக்கங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அணைகளையும் நீர்த்தேக்கங்களையும் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் துறைகளின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீர்மட்டம் எவ்வளவு, இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று கேட்டால் எந்த அணையிலும் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். மணிக்கணக்கில் எழுதி வைத்திருப்பீர்கள். அதே அணையில், இன்றைக்கு எத்தனை மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது மாதாந்திர ஆய்வறிக்கை: அணைச்சுவர் ஓரமாக, பகல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் ஆழத்தில் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரின் கணக்கு. மேல் அரை மீட்டரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். மதகு இருப்பது கீழே.

நீர்த்தேக்கங்களின் நீர்த்தரத்தை ஆராயும் வேலையில் இருக்கிறேன். நன்னீரியல் என்று இந்தத் துறைக்குப் பெயர். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். தேக்கத்தை மேலிருந்து அடிவரை அளக்க வேண்டும். அளந்தது மதகைத் திறப்பவரின் கைக்கு அன்றே போய்ச் சேர வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

வெயிலில் மேல்நீர் சூடாகிறது. சூடான நீர் இலேசு, அதனால் மேலேயே மிதந்து நிற்கிறது. காற்றால் கலக்க முடிகிற ஆழம் வரை ஓர் அடுக்கு. அதன் அடியில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழே குளிர்ந்த, இருண்ட, வெளிக்காற்றின் தொடர்பே அற்ற நீர். குளிர்நாட்டு ஏரிகளில்தான் இதெல்லாம் நடக்கும் என்று சில பொறியாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி. நீர் 4 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது அடர்த்தி குறைவது மிகச் சொற்பம். 25 டிகிரியிலிருந்து 26 டிகிரிக்குப் போகும்போது அதைப்போல ஏறத்தாழ 30 மடங்கு குறைகிறது. ஆகவே வெப்பமான இடங்களில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், நீர் அடுக்கடுக்காக நின்றுவிடும்.

வெப்பமான நீருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றோடு முழுச் சமநிலையில் இருந்தாலும் 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும்; உறைநிலையில் உள்ள நீர் 14 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும். கையிருப்பும் குறைவு, வெப்பத்தில் நுண்ணுயிர்கள் மக்கவைக்கும் வேகமும் அதிகம். அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோக நாள்கணக்கோ வாரக்கணக்கோ போதும். மாதம் ஒரு முறை பாட்டிலோடு வருபவருக்கு இது எப்படித் தெரியும்?

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் ஒரு நாள் எங்களோடு படகில் வரலாம். இரு முனையும் திறந்த மாதிரிக் குழாயைக் கயிற்றில் கட்டி இருபது மீட்டர் ஆழத்துக்கு இறக்குவோம். பிறகு கயிற்றின் வழியாக ஒரு சிறு உலோக எடையை நழுவ விடுவோம். அது போய் இடித்ததும் குழாயின் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். அந்த இடி, கயிற்றைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தெரியும். மேலே ஏற்றியதும், ஒரு குமிழிகூடப் புகாமல், ரப்பர் குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு நீரை நிரப்பி வழியவிட வேண்டும். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து, மூடி, தலைகீழாகப் புரட்டினால் உள்ளே திரள் திரளாக ஒரு வீழ்படிவு உண்டாகும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு. இல்லையென்றால் வெள்ளை. ஹங்கேரி வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888இல் வெளியிட்ட முறை இது. இப்போது பட்டனைத் தட்டினால் எண் காட்டும் கருவிகள் வந்துவிட்டன, நாங்களும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிக்கு இந்தப் புட்டிகளைத்தான் காட்ட வேண்டும் என்பேன். ஒரே இடத்தில், சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு புட்டிகள். மேல்நீர் பழுப்பாகவும் அடிநீர் வெள்ளையாகவும் நிற்கும். மூடியைத் திறக்கும் முன்பே அடிநீரின் அழுகிய முட்டை நாற்றம் படகில் பரவியிருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர், முழுத் தேக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆக்சிஜன் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

சரி, அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் மீனுக்குத்தானே கஷ்டம், குழாய்நீருக்கு என்ன என்று கேட்கலாம். பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் வண்டலில் இரும்போடு பிணைந்து கிடக்கிறது, ஆக்சிஜன் இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். ஆக்சிஜன் போனதும் இரும்பு கரைகிறது, பாஸ்பரஸும் கூடவே நீருக்குள் வருகிறது. கிளிஃபோர்ட் மார்ட்டிமர் இங்கிலாந்தின் ஏரிகளில் ஆராய்ந்து 1941, 1942 ஆண்டுகளில் விளக்கிய விஷயம் இது. மாங்கனீஸும் இதே வழியில்தான் வருகிறது. கரைந்த மாங்கனீஸ் கண்ணுக்குத் தெரியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் பட்டபிறகு மெல்ல மெல்ல ஆக்சிகரணம் அடைந்து குழாய்களின் உட்சுவரில் கறுப்பாகப் படிகிறது. பிறகு ஏதோ ஒரு நாள் அழுத்தம் மாறும்போது உதிர்ந்து வீட்டுக் குழாயில் கறுப்புத் தண்ணீராக வருகிறது. புகார் வருவது குழாய்ப் பிரிவுக்கு. அவர்கள் குழாயைக் கழுவுகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பு அடிமதகு வழியாக நீர் எடுக்க முடிவு செய்தவருக்குச் செய்தியே போவதில்லை.

தண்ணீரில் மண்வாசனை அடிப்பதும் இதே ரகம். ஜியோஸ்மின் என்ற பொருளை லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று விளக்கம் கொடுப்பதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. அதை உண்டாக்கிய நீலப்பச்சைப் பாசி எந்த ஆழத்தில் அடர்ந்து நிற்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

பாசி என்றதும் எல்லோர் கையும் மயில்துத்தத்துக்கு, அதாவது காப்பர் சல்பேட்டுக்கு, போகிறது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் சாலமன் அணை நீர்த்தேக்கத்தில் பாசி பெருகி, நீரின் சுவையும் மணமும் கெட்டதாகப் புகார் வந்தது. வழக்கமான வைத்தியமாக மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. சில நாட்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் வாந்தி, கல்லீரல் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். மொத்தம் 148 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். என்ன நோய் என்றே முதலில் புரியவில்லை. பின்னர் அதே தேக்கத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகை நீலப்பச்சைப் பாசியில் நச்சு இருப்பது தெரியவந்தது. உயிரோடு இருக்கும்போது அந்த நச்சின் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்கும். மயில்துத்தம் செல்லை உடைக்கிறது. நச்சு நீரில் கரைந்துவிடுகிறது. மணல் வடிகட்டி பாசியைப் பிடிக்குமே தவிர, கரைந்த நச்சைப் பிடிக்காது. இது நடந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் பாசி இனத்தைப் பார்க்காமல், நீர் எடுப்பதை நிறுத்தாமல் மயில்துத்தத்தைக் கொட்டும் வழக்கம் ஒழியவில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் பெருக்கத்தின் ஆரம்பத்திலேயே, செல்கள் குறைவாக இருக்கும்போது போட வேண்டும். அந்த ஆரம்பத்தைக் கண்டுபிடிக்க வாராவாரம் நுண்ணோக்கியில் பார்க்கும் ஒருவர் வேண்டும். மாத அறிக்கை வரும்போது நீர் ஏற்கெனவே பச்சையாகியிருக்கும்.

1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்தது இன்னும் கொடுமை. நீர்த்தேக்கத்திலிருந்து சரிவரச் சுத்திகரிக்காமல் லாரியில் கொண்டுபோன நீரை ரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்று பயன்படுத்தியது. பாசி நச்சு நேரடியாக நோயாளிகளின் ரத்தத்துக்குள் போய் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1998இல், குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற பாசி நச்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தற்காலிக வழிகாட்டு அளவை வெளியிட்டது. உங்கள் ஆய்வறிக்கைப் படிவத்தில் அந்த நச்சுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

அடுத்தது எங்கள் துறையின் பக்கமே இருக்கும் ஒரு சிக்கல். ஜெனீவா ஏரியை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஃபொரெல் முதல், நன்னீரியலின் அடிப்படைகளை இயற்கை ஏரிகளில்தான் கற்றோம். அந்தப் பாடங்களை அப்படியே தூக்கி அணைக்குப் பின்னால் வைத்தால் பொருந்தாது. ஏரியின் ஆழமான இடம் பெரும்பாலும் நடுவில். தேக்கத்தில் அணைச்சுவரின் காலடியில். ஏரி நிரம்பி மேலாக வழிகிறது. தேக்கத்தைக் கீழே திறக்கிறோம். ஏரியின் மட்டம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. தேக்கமோ சில மாதங்களில் பத்து இருபது மீட்டர் இறங்கி, மீண்டும் ஏறும். நீர்ப்பரப்போடு ஒப்பிட்டால் தேக்கத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி மிகப் பெரிது, வண்டலும் உரச்சத்தும் அதற்கேற்ப வந்து சேரும்.

அதனால் தேக்கத்துக்கு ஆழத்தில் மட்டுமல்ல, நீளவாக்கிலும் அடுக்குகள் உண்டு. ஆறு நுழையும் தலைப்பகுதி, கலங்கலோடு இன்னும் ஆறாகவே இருக்கும். அணையருகே நீர் தெளிந்து ஏரிபோல் நிற்கும். இடையில் வண்டல் படிந்து வெளிச்சம் இறங்கத் தொடங்கும் பகுதி. சத்தும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, ஆகவே பாசி அங்கேதான் முதலில் தலைகாட்டும். அமெரிக்க ஆய்வாளர் கென்ட் தார்ன்டனும் உடன் ஆய்வாளர்களும் இந்த மூன்று பகுதிகளைத் தெளிவாக வகுத்துச் சொல்லி எத்தனையோ காலமாகிறது. அணைச்சுவரோரம் மட்டும் மாதிரி எடுப்பவர், தேக்கத்தின் ஆகத் தெளிவான இடத்தைத் தேர்ந்தெடுத்து எடுக்கிறார். ஜீப் அங்கேதான் போகும் என்பது எனக்கும் தெரியும்.

வரும் நீர் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பதும் முக்கியம். கலங்கலான குளிர்நீர் தேக்கத்துக்குள் நுழைந்ததும் மேல்நீரின் அடியில் முங்கி, பழைய ஆற்றுப்படுகை வழியே ஊர்ந்து போகும். அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டி நீர் தேங்கத் தொடங்கிய 1935ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டார்கள்: மேலே தெளிந்த நீர், அணையின் கீழ்த்திறப்பிலோ சேற்றுநீர். கொலராடோ ஆற்றின் வண்டல் பல பத்து கிலோமீட்டர் அடியிலேயே பயணம் செய்து வந்திருந்தது. முதல் வெள்ளம் வந்ததும் 'தேக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது' என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதில் உள்ள அபாயம் இதுதான்.

நன்னீரியலில் ஆக மலிவான கருவி செக்கித் தட்டு. வத்திக்கானின் வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்த வெள்ளைத் தட்டின் வழிவந்தது. இன்று 20 சென்டிமீட்டர் விட்டத்தில், கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பகுதி. கயிற்றில் இறக்கி, எங்கே மறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வாங்கி வையுங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் அந்த ஆழத்தை அப்படியே, நீர் எவ்வளவு சத்தேறியிருக்கிறது என்று காட்ட அமெரிக்க ஆய்வாளர் கார்ல்சன் 1977இல் தந்த சத்துநிலைக் குறியீட்டில் போட்டு, பாசி இவ்வளவு என்று முடிவு கட்ட வேண்டாம். மண் கலங்கிய நீரிலும் தட்டு சீக்கிரமே மறையும். குறியீடோ அதைப் பாசியின் கணக்கில் சேர்த்துவிடும். பாசியின் பச்சையம் எவ்வளவு என்று தனியாக அளந்து, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால்தான் தேக்கத்தின் குணம் புரியும். ஆய்வேடுகளிலேயே இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்நீரில் ஆக்சிஜன், காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவில் 120 சதவீதம் என்று வந்தாலும் மகிழ வேண்டாம். பாசி ஒளிச்சேர்க்கையில் உச்சத்தில் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அதே இடத்தில் விடிவதற்கு முன் அளந்து பாருங்கள்.

புதிதாக அணை கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சூரினாமின் புரோகோபோண்டோ தேக்கத்தில் 1964இல் நீரை நிறுத்தியபோது 1,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குக் காட்டை மரங்களோடு மூழ்கடித்தார்கள். மக்கிய காட்டிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தில் அணைப் பணியாளர்கள் முகமூடி போட்டு வேலை செய்ததாகப் பதிவுகள் உண்டு. 1994இல் பிரெஞ்சு கயானாவின் பெட்டி சோ அணையிலும் காடு மூழ்கியது. அணைக்குக் கீழே ஆற்றில் ஆக்சிஜன் அற்றுப்போகவே, நீர் விழுந்து காற்று கலக்கும்படி கீழ்ப்புறத்தில் தனியாக ஒரு தடுப்பணை கட்டவேண்டி வந்தது. கனடாவின் லா கிராண்ட் தேக்கங்களில் மூழ்கிய மண்ணிலிருந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள், உடலில் சேர்ந்துகொண்டே போகும் நச்சான மீதைல் பாதரசமாக மாற்றின. அது மீனில் ஏறி, பழைய அளவுக்கு இறங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தது. மீனை நம்பி வாழ்ந்த க்ரீ பழங்குடி மக்களுக்குத்தான் அந்தச் சுமை. கட்டிய முதல் சில ஆண்டுகளில் மீன்பிடிப்பு அமோகமாக இருக்கும். மூழ்கிய நிலத்தின் சத்து கரையும்வரை வரும் விளைச்சல் அது. அதை நிரந்தரம் என்று திட்ட அறிக்கையில் எழுதாதீர்கள்.

இனி மதகு. மதகின் இடம் கான்கிரீட்டில் நிலையானது. அதற்கு மேலே நிற்கும் நீர் நாளுக்கு நாள் மாறுகிறது. நிரம்பிய தேக்கத்தில் 25 மீட்டர் ஆழத்தில் இருந்த மதகின் வாய், மட்டம் இறங்கியதும் 8 மீட்டர் ஆழத்தில் நிற்கும். முதலில் ஆக்சிஜனற்ற அடிநீரை எடுத்த அதே வாய், பிறகு பாசி அடர்ந்த அடுக்கை எடுக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரே ரசாயனக் கணக்கை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். இரண்டுக்கும் நடுவில், வெப்பம் சட்டென்று இறங்கும் அடுக்குக்குச் சற்று மேலே, பெரும்பாலும் எடுக்கத்தக்க நீர் இருக்கும். அந்த ஆழம் வாரத்துக்கு வாரம் நகரும். பல மட்டங்களில் வாய் வைத்த கோபுரங்கள் கட்டுவது இதற்காகத்தான். கலிபோர்னியாவின் சாஸ்டா அணையில் கீழ்ப்புற ஆற்றின் சால்மன் மீன்களுக்கு ஏற்ற வெப்பநிலையில் நீர்விட, வேண்டிய ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் பெரிய எஃகு அமைப்பை அணைச்சுவரிலேயே பொருத்தி 1997இல் முடித்தார்கள். அவ்வளவு செலவு எல்லோராலும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே மூன்று நான்கு வாய்கள் வைத்துக் கட்டிய கோபுரத்திலும் ஆண்டு முழுக்க ஒரே வாய் திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மற்றவை துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அதற்கு எண்ணெய் போடுவதுதான் அங்கே முதல் நன்னீரியல் பணி.

மேலே சொன்னதெல்லாம் அறிகுறிக்கு வைத்தியம் என்பதும் தெரியும். ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் 1973இல் கனடாவில் 226ஆம் எண் ஏரியின் குறுக்கே திரை கட்டி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் உலகெங்கும் பரவி, சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தவும் காரணமாயிற்று. உங்கள் தேக்கத்துக்கும் உரமும் சாக்கடையும் மேலிருந்துதான் வருகின்றன. நீர்ப்பிடிப்புப் பகுதி வேறு துறையின் பொறுப்பு என்பது எனக்குப் புரிகிறது. அந்தத் துறையிடம் பேச வேண்டுமானால், எந்த ஓடை வழியாக, எந்த வெள்ளத்தில், எவ்வளவு பாஸ்பரஸ் வந்தது என்ற எண்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெள்ளம் வரும் சில நாட்களில்தான் ஆண்டுச் சுமையில் பெரும்பங்கு வந்துவிடும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாதிரி எடுக்கும் அட்டவணையில் அந்த நாட்கள் சிக்காது. வரும் சத்தை இன்றே குறைத்தாலும், வண்டலில் சேர்ந்தது இன்னும் பல ஆண்டுகள் மேலே வந்துகொண்டிருக்கும். இதையும் மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டிலேயே 'திட்டம் தோல்வி' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு படகு, கயிறு, ஆழத்தோடு வெப்பநிலையும் ஆக்சிஜனும் கலங்கலும் அளக்கும் ஒரு கருவி, பயிற்சி பெற்ற இரண்டு பேர். அடுக்கு நிற்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அணையருகே ஓர் இடம், இடைப்பகுதியில் ஓர் இடம், ஆறு நுழையும் தலைப்பகுதியில் ஓர் இடம். கருவியின் ஆக்சிஜன் முனையை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் எடுத்த ஓராண்டு எண்களைவிட ஒழுங்காக எடுத்த ஒரு நாள் எண் உதவும். எல்லாவற்றையும் பொதுவில் வையுங்கள். தண்ணீரின் ஆக்சிஜன் அளவு ரகசியமாக இருக்க எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தரப்பும் இதில் ஒழுங்கில்லை: உங்கள் தேக்கத்தில் அளந்து, வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை போட்டுவிட்டு, உங்களுக்கு ஒரு பிரதிகூட அனுப்பாத ஆய்வாளர்கள் ஏராளம். அனுமதி கொடுக்கும்போதே, அளந்த அன்று மாலைக்குள் எண்களைத் தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நான் கையெழுத்திடத் தயார்.

பதிலுக்கு உங்களிடம் வேண்டுவது இரண்டு. எந்த வாய், எப்போது, எவ்வளவு திறந்தது என்ற பதிவேட்டின் நகல். அது இல்லாமல் எங்கள் அளவீட்டில் பாதி புரிவதில்லை. அப்புறம், ஓர் ஆணை. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போவது எந்த மீட்டரில், பாசி அடர்ந்திருப்பது எந்த மீட்டரில், இந்த வாரம் எந்த வாய் வழியாக எடுக்கலாம் என்று மூன்று வரியில் ஒரு தாள் தருவோம். அதை யார் வாங்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும், மாற்ற முடியாவிட்டால் காரணத்தை எங்கே எழுத வேண்டும் என்று பதவி குறிப்பிட்டு அந்த ஆணை சொல்ல வேண்டும். வெயில் ஏறி அடுக்கு நிற்பதற்குள் அது வந்துவிட்டால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நீர்த்தேக்க ஆய்வில் இருக்கும் ஒருவர்